வாசகர் கேட்டவை: வார்ப்புக் குண்டும் கைத்துப்பாக்கி மான் வேட்டையும்

போன இதழில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவது பற்றி எழுதும்போது, குண்டை நானே ஈயத்தில் வார்த்துக்கொள்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வேட்டையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே. பதில் எல்லாம் இந்த வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்க மாநிலங்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில்: குழலை விட்டுப் பறக்கும் ஈயத்துண்டுதான் குண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே எரியும் வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. வந்த கடிதங்களில் பாதி இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தன, எதைக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் போயிற்று.

கேள்வி: என்னிடம் .44 மேக்னம் ரிவால்வர் இருக்கிறது. குழலில் ஈயம் ஒட்டக்கூடாது என்று பிரினெல் (உலோகக் கடினத்தின் அளவுகோல்) 22 கடினமுள்ள வார்ப்புக் குண்டாகப் பார்த்து வாங்கினேன். ஐம்பது சுட்ட பிறகு பார்த்தால் குழலின் உட்புறம் வெள்ளி பூசியது போல ஈயம் அப்பியிருக்கிறது. இதைவிடக் கடினமான குண்டு எங்கே கிடைக்கும்?

தேடாதீர்கள். இதைவிடக் கடினமானதை வாங்கினால் இதைவிட அதிகமாக ஒட்டும்.

ஈயம் மெத்தென்று இருப்பதால்தான் குழலில் தேய்ந்து ஒட்டுகிறது என்று எல்லாரும் முதலில் நினைப்போம், நானும் நினைத்தேன். உண்மையில் பெரும்பாலான நேரம் நடப்பது வேறு. குண்டு குழலைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருந்தால் அதன் பக்கவாட்டில் இடைவெளி விழுகிறது, பின்னால் எரியும் வாயு அந்தச் சந்தில் புகுந்து பீறிடுகிறது. .44 மேக்னத்தின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் பீறிடும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்துக் குழல் சுவரில் பற்றவைத்த மாதிரி பூசிவிடும். குண்டு கொஞ்சம் மென்மையாக இருந்திருந்தால் அழுத்தத்தில் பின்புறம் விரிந்து சந்தை அடைத்திருக்கும். 22 கடினம் என்றால் அது விரியவும் மாட்டாது.

அதனால் முதலில் அளவெடுங்கள். ரிவால்வரில் இரண்டு அளவு முக்கியம். ஒன்று, குண்டைச் சுழற்றக் குழலுக்குள் திருகலாக வெட்டிய வரிப்பள்ளங்களில் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள விட்டம். பெயர் .44 என்றாலும் இது பொதுவாக 0.429 அங்குலம். இன்னொன்று, சிலிண்டர் அறை ஒவ்வொன்றின் முன்வாய். குண்டு கூட்டை விட்டுக் கிளம்பியதும் முதலில் நுழைவது இந்த வாயில்தான். இது குழலைவிடச் சிறியதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் அது இங்கேயே இழைக்கப்பட்டுச் சிறுத்துப்போய்த்தான் குழலுக்குப் போகும். சில .45 கோல்ட் ரிவால்வர்களில் இந்தக் கோளாறு உண்டு. துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து வாயைச் சீராக அகலப்படுத்தினால் தீரும், குண்டை மாற்றித் தீராது.

அளப்பது எப்படி என்றால், துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கழற்றி, எண்ணெய் தடவிய சுத்த ஈயத் துண்டு ஒன்றை முன்வாயில் மரக்குச்சியால் தட்டி நுழைத்து எடுத்து மைக்ரோமீட்டரில் வையுங்கள். காலிப்பர் வேண்டாம், இங்கே பேசுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு அறையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரே துப்பாக்கியில் ஐந்து ஒரு மாதிரியும் ஆறாவது வேறு மாதிரியும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். குழலுக்கும் இதே முறைதான், ஆனால் ஸ்மித் அண்ட் வெஸன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி: அதில் ஐந்து வரிப்பள்ளம். ஒற்றைப்படை என்பதால் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வந்து நிற்கும், சாதாரண மைக்ரோமீட்டர் ஏமாந்துபோகும். அவர்கள் முன்வாய் அளவை நம்பிப் போகலாம்.

குண்டு அந்த முன்வாயில் விரலால் தள்ளினால் லேசான பிடிப்போடு நுழைய வேண்டும். தானாக நழுவி விழுந்தால் சிறியது. .44க்கு பெரும்பாலும் 0.430 அல்லது 0.431 சரியாக வரும். நீங்கள் வாங்கியது 0.429 ஆக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்று, ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். குழலின் ஆரம்பத்திலேயே என்றால் அளவுக் கோளாறு. வாய்ப்பக்கம் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் என்றால் குண்டின் மசகு வழியிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. என் முதல் வருடத்தில் இது தெரியாமல் மசகு மாற்றி, கலவை மாற்றி, மருந்து மாற்றி, ஒவ்வொரு ஞாயிறும் செப்பு நார் சுற்றிய தூரிகையால் குழலை உரசிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மைக்ரோமீட்டரை எடுத்த நாளோடு அந்த வேலை ஒழிந்தது.

கேள்வி: வார்க்க ஈயம் எது நல்லது? பழைய கார் சக்கர எடைகள் (சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டுபவை) ஒரு வாளி கிடைத்திருக்கிறது, அப்படியே உருக்கலாமா?

உருக்கலாம், ஆனால் பொறுக்கிய பிறகு. கவ்வி வைத்த ஈயச் சக்கர எடை இந்தத் தொழிலின் அரிசி மாதிரி. ஈயத்தோடு ஏறத்தாழ 3 சதவீதம் ஆன்டிமனி (ஈயத்தைக் கெட்டியாக்கும் உலோகம்), அரை சதவீதம் வெள்ளீயம் இருக்கும், கடினம் பிரினெல் 12 அளவில் வரும். கைத்துப்பாக்கி வேட்டைக் குண்டுக்கு அதுவே தாராளம். ஒட்டும் வகை எடை கிட்டத்தட்ட சுத்த ஈயம், கடினம் 5, அதைத் தனியாக வையுங்கள்.

பிரச்சினை என்னவென்றால் இப்போது வாளியில் பாதிக்குமேல் இரும்பும் துத்தநாகமும்தான். கலிஃபோர்னியா 2010இலும் வாஷிங்டன் மாநிலம் 2011இலும் ஈயச் சக்கர எடையையே நிறுத்திவிட்டன. இரும்பு கலவையில் மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். துத்தநாகம்தான் வில்லன். கொஞ்சம் கலந்தாலே உருகிய உலோகம் ஓட்ஸ் கஞ்சி மாதிரி கட்டிகட்டியாகி அச்சில் ஓடாது. வெட்டுக் குறடால் ஓரத்தைக் கடித்துப் பாருங்கள்: ஈயம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், துத்தநாகத்தில் குறடு வழுக்கும். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிவிடும், அதற்கு வெப்பமானி இருக்கிறது. ஈயம் 621 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும், துத்தநாகம் 787இல்தான். பழைய எடையை உருக்கும்போது பானையை 700க்கு மேல் ஏறவிடாமல் வைத்தால் துத்தநாகம் முழுசாக மேலே மிதந்து நிற்கும். பொறுமை இழந்து நெருப்பைக் கூட்டினீர்களோ, ஒரு பானை கலவை போச்சு.

அப்புறம் கொஞ்சம் வெள்ளீயம். 2 சதவீதம் போதும். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் நிரம்புவதற்குத்தான் அது, கடினத்துக்கு அல்ல. பத்து பவுண்டு பானைக்குக் கிட்டத்தட்ட 90 கிராம். குழாய் வேலைக்கு விற்கும் ஈயமில்லாப் பற்றாசில் 95 சதவீதம் வெள்ளீயம், 5 சதவீதம் ஆன்டிமனி என்று போட்ட வகை ஒன்று உண்டு, அதையே வெட்டிப் போடலாம்.

லைனோடைப் கலவையை வேட்டைக்குக் கேட்டு இருவர் எழுதியிருந்தார்கள். செய்தித்தாள் அச்சுக்கூடத்து உலோகம், 12 சதவீதம் ஆன்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம், கடினம் 22. பார்க்க அழகாக வார்ப்புக் கொடுக்கும். ஆனால் நொறுங்கும் சுபாவம் உள்ளது, எலும்பில் பட்டால் சில்லுச்சில்லாகும். அதைத் தனியாக வார்க்காமல் மென்மையான ஈயத்தைக் கெட்டியாக்கும் சேர்மானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அச்சிலிருந்து வரும் குண்டெல்லாம் கிழவன் முகம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக விழுகிறது.

அச்சு சூடாகவில்லை, அல்லது புது அச்சின் எண்ணெய் போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் பல் தூரிகையும் போட்டுத் தேய்த்து நன்றாகக் காயவைத்துவிட்டு வாருங்கள். முதல் இருபது குண்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள், விழுந்ததும் ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்ததை ஊற்றுங்கள், அச்சு தானாகச் சூடேறும். மறுபக்கம், குண்டின் மேல் பனி படர்ந்த மாதிரி மங்கலாக வந்தால் சூடு அதிகம். லேசான மங்கல் பரவாயில்லை, நன்றாகவே சுடும். அடிவிளிம்பு மழுங்கியிருந்தால் மட்டும் இரக்கம் காட்டாமல் பானைக்கே திருப்புங்கள், ஏனென்றால் குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடுவது அந்த விளிம்புதான். அது ஒரு பக்கம் குறைந்திருந்தால் வாயு அந்தப் பக்கமாக முதலில் தப்பி, குண்டைத் தட்டிவிடும்.

கேள்வி: வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். ஈயப் புகை ஆபத்து என்று மனைவி விடமாட்டேன் என்கிறார். அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

நீங்கள் அவருக்குப் புரியவைப்பதற்கு முன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருடைய பயம் சரி, இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஈயம் கொதிப்பது 1,749 டிகிரி செல்சியஸில். நாம் வார்ப்பது 400 டிகிரிக்குள். அந்தச் சூட்டில் எழும் ஈய ஆவி மிகக் குறைவு, திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதுவும் போய்விடும். ஆபத்து மேலே வழித்தெடுக்கும் சாம்பல்நிறக் கசட்டில் இருக்கிறது. அது மாவு மாதிரி, கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், அங்கிருந்து குழந்தையின் வாய்க்குப் போகும். அதைவிட மோசமானது சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும் சுழல் டிரம்மின் தூசி. சாதாரணப் பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, வெடித்த பிறகு அது நுண்தூளாகக் கூட்டுக்குள் படிந்திருக்கும். நீங்கள் டிரம்மை வீட்டுக்குள் திறந்து சலிக்கும்போது அறை முழுக்கப் பரவும். வார்ப்பதற்குப் பயந்துவிட்டு இதைச் சாப்பாட்டு மேசையில் செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அவர்களுக்கு இல்லவே இல்லை. அதனால் வார்ப்பதற்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு, அது வீட்டுக்குள் வரக்கூடாது, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பானை, கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பாது, சமையலறையில் உருக்கவும் கூடாது. கசட்டை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். வேலை முடிந்ததும் கையோடு முகத்தையும் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது. வருடத்துக்கு ஒரு முறை நீங்களும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். குழந்தைகள் தவழும் வயதென்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால், சில வருடம் வார்த்த குண்டை வாங்கிச் சுட்டுக்கொண்டிருப்பேன்.

புகையைவிட உடனடியாகக் கொல்வது தண்ணீர். உருகிய ஈயத்தின் மேலே ஒரு வியர்வைத் துளி விழுந்தால் சுர்ரென்று ஓடி மறைந்துவிடும். அதே துளி அடியில் போனால் கதை வேறு: தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது, மேலே இருக்கிற ஈயம் முழுவதையும் தூக்கி எறியும். கொட்டகையில் மழைச்சாரல் பட்டுக் கிடந்த ஈயக் கட்டி ஒன்றைப் பார்க்காமல் பானையில் விட்டேன். அதில் பொறித்திருந்த எழுத்தின் பள்ளத்தில் ஈரம் இருந்திருக்கிறது. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானை பாதி காலி, கூரைத் தகட்டில் ஈயம் நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டியிருந்தது, என் முகக் கவசத்தில் மூன்று. கையில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து கட்டியைப் பானை விளிம்பில் வைத்துச் சூடேற்றாமல் உள்ளே விடுவதில்லை. முழுக்கை, தோல் கையுறை, முழு முகக் கவசம், கால் மூடிய காலணி, கோடையாக இருந்தாலும் சரி.

கேள்வி: 250 கிரெய்ன் (குண்டு, மருந்துக்கான எடை அளவு) வார்ப்புக் குண்டுக்கு .44 மேக்னத்தில் எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் போடுகிறீர்கள்? எண்ணை மட்டும் சொன்னால் போதும் ஐயா.

அந்த எண்ணை மட்டும் சொல்லமாட்டேன். என் எண் என் குழலுக்கு, என் குண்டின் நீளத்துக்கு, என் கூட்டுக்கு. பத்திரிகையில் புள்ளி தவறி 8.5 என்பது 85 என்று அச்சானால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 18 என்பது 19 ஆனால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். குண்டு, மருந்து தயாரிப்பாளர்கள் சோதித்து அச்சிட்ட கையேடு இருக்கிறது, அதில் வார்ப்புக் குண்டுக்கென்று உள்ள பக்கத்தைப் பாருங்கள், செப்புறை போட்ட குண்டின் பக்கத்தை அல்ல. ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி மெல்ல ஏறுங்கள். தாத்தா நோட்டில் எழுதி வைத்தது, நண்பன் சொன்னது எல்லாம் கதை கேட்க நன்றாக இருக்கும்.

.45 கோல்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அந்தத் தோட்டா 1873இல் பிறந்தது, அதன் உச்ச அழுத்த வரம்பு 14,000 பவுண்டுதான். ஆனால் கையேடுகளில் பலமான புதுத் துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று தனிப் பட்டியல் ஒன்று இருக்கும், அது இதைவிட மிக அதிகம். தோட்டா பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பழைய துப்பாக்கிக்குள் அழகாக நுழையும். அந்தப் பெட்டிகளின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.

எண்ணுக்குப் பதிலாக, எண்ணைவிட உபயோகமானது ஒன்று. குறைத்துப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மேக்னம் வேட்டைத் தோட்டாவில் புகழ்பெற்ற எச்110 மருந்து (டபிள்யூ296 என்ற பெயரில் வருவதும் அதே மருந்துதான்) கூடு நிறைய இருந்தால்தான் ஒழுங்காக எரியும். அதை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை. அதிகம் குறைத்தால் பாதியில் எரியாமல் நின்று குண்டு குழலிலேயே சிக்கலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். வேகமாக எரியும் மருந்தில் ஆபத்து நேர் எதிர். அது கூட்டில் பாதிகூட நிரம்பாது, அதனால் ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டினாலும் கண்ணில் படாது. ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, குண்டு செருகுவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். தொலைபேசி வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தால் கையிலிருக்கும் கூட்டைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

சுடும்போது சத்தம் சப்பென்று இருந்தால் நிறுத்துங்கள். காலி செய்து, குச்சியைக் குழலில் விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

கேள்வி: நான்காவது ரவுண்டில் சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொண்டது. துப்பாக்கி கெட்டுப்போய்விட்டதா?

துப்பாக்கி நன்றாக இருக்கிறது. கூட்டின் வாயை உள்நோக்கி மடக்கும் கிரிம்ப் பலமாக இல்லை, அதனால் முதல் மூன்று உதையில் மற்ற தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறது. குண்டில் இதற்கென்றே ஒரு பள்ளம் உண்டு, கூட்டு வாய் அதற்குள் உருண்டு இறங்க வேண்டும். ஆறாவது தோட்டாவில் ஒரு குறி போட்டுவிட்டு ஐந்தைச் சுட்டு, ஆறாவதைச் சுடாமல் எடுத்து முன்பிருந்த நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: நுனியில் குழி போட்ட குண்டு விரியும், வார்ப்பு ஈயம் விரியாமல் ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும், மான் தப்பித்துவிடும் என்கிறார்களே?

நுனி உருண்டையான குண்டு என்றால் சொல்வது சரி, சதையை விலக்கிக்கொண்டு வழுக்கிப் போகும், காயம் மூடிக்கொள்ளும். அதனால்தான் வேட்டைக்கு வார்ப்பவர்கள் தட்டையான மூக்கு வைக்கிறார்கள். தட்டையான மூக்கு சதையை வெட்டிக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். .44 என்பது விரியாவிட்டாலும் 11 மில்லிமீட்டர் துளை. பக்கவாட்டில் நிற்கும் வெள்ளைவால் மானை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகும். இரண்டு துளை என்றால் ரத்தத் தடமும் இரண்டு மடங்கு.

இந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரர் இருக்கிறார். ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஊரில் வாழ்ந்த எல்மர் கீத், 1899இல் பிறந்து 1984இல் மறைந்தவர், மாட்டுப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, எழுத்தாளர். இவர் வடிவமைத்ததுதான் லைமன் அச்சு எண் 429421, சுமார் 250 கிரெய்ன், தட்டை மூக்கு, முன்னால் கூர்மையான தோள்பட்டை. .44 மேக்னத்துக்கு முன்னோடியான .44 ஸ்பெஷல் தோட்டாவில் இந்தக் குண்டை அந்தக் காலத்துக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் சுட்டுக்கொண்டே, பெரிய தோட்டா செய்யுங்கள் என்று பல வருடம் நச்சரித்தார். 1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. அதாவது உங்கள் துப்பாக்கி இந்த ஈயக் குண்டுக்குப் பின்னால் வந்தது, முன்னால் அல்ல.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,200 அடியில் போனால் கிட்டத்தட்ட 800 அடிப் பவுண்டு சக்தி. ரைஃபிள்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் ரைஃபிள் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை, இங்கே வேலை செய்வது அகலமான மூக்கும் ஆழமான ஊடுருவலும். 1,200ஐ 1,400 ஆக்கினால் மானுக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும், நீங்கள் விசையை இழுக்கும்போது கண்ணை மூட ஆரம்பிப்பீர்கள். இந்த வேகத்தில் ஈயம் சிதறுவதும் குறைவு. 2008இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள் தெரிந்து, உணவு வங்கிகளில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதிவேக ரைஃபிள் குண்டு சிதறும் விதம்தான் அங்கே முக்கியக் கவலை. நம் குண்டிலும் காயத்தைச் சுற்றி ஒரு சாண் சதையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனை தூரம் வரை சுடலாம்? நண்பர் 100 கெஜம் என்கிறார்.

நண்பர் சுடட்டும். உங்கள் தூரத்தை 8 அங்குலக் காகிதத் தட்டு சொல்லும், மானின் நெஞ்சில் உயிர்நிலை ஏறத்தாழ அவ்வளவுதான். பெஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்து அல்ல, காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, முழங்காலிலோ மரத்திலோ கையைச் சாய்த்து ஐந்து சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழும் கடைசி தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. நான்கு விழுந்து ஒன்று வெளியே என்றால் பின்வாங்குங்கள். இருபது வருடம் சுட்டும் எனக்குத் திறந்த குறிமுள்ளில் அது 50 கெஜத்தைத் தாண்டவில்லை, வெட்கம் ஒன்றுமில்லை.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குழல் குறைந்தது இத்தனை அங்குலம், விட்டம் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, எந்தப் பருவத்தில் எது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லும், வருடா வருடம் மாறவும் செய்யும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். கலிஃபோர்னியாவிலிருந்து எழுதிய மூவருக்கும் ஒரு வார்த்தை: காண்டோர் கழுகுகள் ஈயத்தால் செத்ததை முன்னிட்டு 2013இல் போட்ட சட்டப்படி, 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு முழுக்கத் தடை. நீங்கள் வார்த்ததைக் குறி பார்த்துப் பழகத்தான் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாலையில் சுட்டேன், நன்றாகப் பட்டது, மான் ஓடிவிட்டது. உடனே துரத்தினேன், கிடைக்கவே இல்லை. குண்டு சரியில்லையா?

துரத்தியதுதான் சரியில்லை. நுரையீரலில் பட்ட மானே நூறு கெஜம் ஓடும், விட்டுவிட்டால் அங்கேயே படுத்து அடங்கும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் இருக்கிற கடைசி மூச்சில் எழுந்து இன்னும் கால் மைல் போகும். சுட்ட இடத்திலிருந்து நகராமல், மான் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் போய் ரத்தத்தைப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், இன்னும் சில மணி நேரம் விடுங்கள். பச்சையாக, நாற்றத்தோடு தழைத்துகள் இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பி, பல மணி நேரம் கழித்து வாருங்கள். ஒவ்வொரு ரத்தத் துளியிலும் ஒரு காகிதத் துண்டைப் போட்டுக்கொண்டே போனால், தடம் விட்டுப்போகும்போது திரும்பிப் பார்த்தாலே மான் போன திசை வரிசையாகத் தெரியும்.

கேள்வி: வார்த்துச் செய்த தோட்டாவை நண்பர்களுக்கு விற்கலாமா?

கூடாது. சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்று செய்தால் தேவை. சும்மா கொடுக்கவும் கொடுக்காதீர்கள். அது வேறொருவர் கையில் வெடித்தால் காலத்துக்கும் தூக்கம் வராது.

கேள்வி: என் கிளாக் பிஸ்டலில் இந்தக் குண்டைப் போடலாமா?

கிளாக் நிறுவனமே தன் தொழிற்சாலைக் குழலில் ஈயக் குண்டு வேண்டாம் என்கிறது. அந்தக் குழலில் வழக்கமான கூர்விளிம்பு வரிகள் கிடையாது, பலகோண வடிவம், ஈயம் படிந்து அழுத்தம் ஏறலாம். சாதாரண வரி வெட்டிய மாற்றுக் குழல் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

கேள்வி: காட்டில் சுடுவது ஒரே ஒரு முறைதான். அதற்குக்கூடக் காதடைப்பு வேண்டுமா? மான் வருகிற சத்தம் கேட்காதே.

.44 மேக்னத்தின் ஒரு வெடி 160 டெசிபல் அளவுக்குப் போகும். திடீர் ஓசைக்கு 140ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் தொழிற்சாலைகளுக்கு உள்ள எல்லை. மின்னணுக் காதுக்கவசம் என்று ஒன்று இருக்கிறது, சருகு மிதிபடும் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும், வெடியை மட்டும் அடைத்துவிடும். மான் வருவது அதில் வெறும் காதைவிட நன்றாகக் கேட்கும். நானும் ஒரு தடவைதானே என்று கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுட்டவன்தான். மான் விழுந்தது, அந்த மகிழ்ச்சியில் காதில் விசில் அடிப்பதைக் கவனிக்கவில்லை. பதினோரு வருடமாகிறது, இடது காதில் அது இன்னும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது, ராத்திரியில் கொஞ்சம் கூடுதலாக.